பாப் ஸ்மியரா, ஹெச்பிவி டெஸ்ட்டா?

மயிலாப்பூர் அத்தைக்கு 42 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய் அபாயத்தை முன்கூட்டியே கண்டறிய இந்த இரண்டு டெஸ்ட்டில் எதை எடுப்பது என்று ஒரே குழப்பம்.

எதைத் தேடுகிறது?
பாப் ஸ்மியர்: கருப்பைவாயில் மாறத் தொடங்கிவிட்ட செல்களை.
ஹெச்பிவி: மாற்றத்துக்குக் காரணமான வைரஸை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டே வகைகளால் வருகிறது. பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடும்.

இடைவெளி: பாப் 3 ஆண்டு, ஹெச்பிவி 5 ஆண்டு.

செலவு: பாப் மலிவு.

கூச்சம்: பாப்புக்கு டாக்டர் அல்லது நர்ஸ்தான் எடுக்க வேண்டும். ஹெச்பிவிக்குச் சில இடங்களில் மாதிரியை நாமே எடுக்கலாம். அத்தை இதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருபதுகளில் பாப் போதும். 30 தாண்டினால் என் ஓட்டு ஹெச்பிவிக்கு. கையைக் கடித்தால், சரி, பாப்பையாவது தள்ளிப்போடாமல் எடுங்கள்.