பழைய டிராக்டருக்கு டீசல் பம்பு வாங்கி 34,500 ரூபாய் இழந்தேன்: இணையத்தில் உதிரிபாகம் தேடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

என் டிராக்டர் என்ஜினுக்கு டீசலை அளந்து பீய்ச்சும் பம்பை விற்றவரின் கைப்பேசி எண்ணை இன்று காலை பத்து மணிக்கு அணைத்துவிட்டார்கள். பதினேழு நாள்களாக "பார்க்கிறேன் அண்ணே", "நாளைக்குச் சொல்கிறேன் அண்ணே" என்று பேசிய குரல் இனி கிடைக்காது. போனது 34,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறவிட்டால் நானே "போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன், அடுத்தவர் போய் மாட்டுவார். பழைய இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

திருவாடானைப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. நாற்று விட்டு நடுகிற வழக்கம் எங்கள் வயலில் இல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன், புரட்டாசியில், காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது நெல்லை அப்படியே விதைத்துவிடுவோம். மழை பெய்ததும் முளைக்க வேண்டும். அதனால் எங்களுக்கு விதைப்பு என்பது பதினைந்து, இருபது நாள் வேலை. அந்த நாள்களில் டிராக்டர் படுத்துவிட்டால் அந்த ஆண்டே படுத்துவிடும்.

டிராக்டர் அப்பா 1989இல் வாங்கியது. முப்பத்தைந்து குதிரைத் திறன், மூன்று சிலிண்டர். அந்த மாடல் நின்று பல காலம் ஆகிவிட்டது. அதன் பின்னால் மாட்டுகிற ஒன்பது கொழு விதைப்புக் கருவியும் பழையதுதான். எங்கள் பக்கம் அதை சீட் டிரில் என்றே சொல்வோம். பஞ்சாபில் கோதுமை விதைப்பதற்காகச் செய்த கருவி அது. அங்கே ஏக்கருக்கு 40 கிலோ கோதுமை போகும்படி வைப்பார்கள். நாங்கள் விதையை அளந்து விடும் உருளைகளின் திறப்பைக் குறைத்து ஏக்கருக்கு 30 கிலோ நெல் போகும்படி வைத்துக்கொள்கிறோம். கையால் வீசினால் விதை மேலாகவே கிடக்கும். ஒரு தூறலுக்கு முளைத்து, மறு வெயிலில் கருகிவிடும். மிஞ்சியதை எறும்பும் குருவியும் தின்னும். சீட் டிரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாகப் போட்டு மூடிவிடும். நல்ல மழை வரும்வரை விதை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பழைய இரும்பு என்று சிரிப்பவர்களுக்கு இந்த அருமை தெரியாது.

ஆவணி முதல் வாரம் கருவியை இறக்கிப் பார்த்தபோது விதைப்பெட்டிக்குள் இருக்கும் உருளைகளில் நான்கு தேய்ந்து போயிருந்தன. விவசாயக் கருவிகளும் பழைய உதிரிபாகங்களும் வாங்கி விற்கும் செயலி ஒன்றை மகன் காட்டினான். அதில் ஒரு விற்பனையாளரிடம் ஒன்பது உருளைகள் கொண்ட செட் 2,400 ரூபாய்க்கு இருந்தது. செயலி வழியாகவே பணம் கட்டினேன். ஐந்தாம் நாள் வந்துவிட்டது. சதுரத் தண்டில் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது. அளந்தும் பார்த்தேன். அந்த உருளைகளைச் சுழற்றுகிற தரைச் சக்கரத்துக்குச் சுற்றளவு 1.57 மீட்டர். இருபது சுற்று சுற்றினால் 31 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியதற்குச் சமம். கருவியின் அகலம் 1.8 மீட்டர். ஏக்கருக்கு 30 கிலோ என்றால் அந்த இருபது சுற்றில் மொத்தம் சுமார் 420 கிராம் விழ வேண்டும், ஒரு குழாய்க்கு 46 அல்லது 47 கிராம். ஒன்பது குழாய்களின் கீழும் பை கட்டி, சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றி, ஒவ்வொன்றாக நிறுத்தேன். எல்லாம் 45க்கும் 48க்கும் நடுவில் நின்றன. அவ்வளவு சுத்தமான பொருள்.

நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். உருளை சரியாக இருந்ததால் ஆளும் சரியானவர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே டிராக்டர் கரும்புகை தள்ள ஆரம்பித்தது. மேட்டில் கலப்பை இழுக்கவில்லை. முப்பது வருடமாக எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பம்பில் டீசலை அழுத்தித் தள்ளுகிற எலிமெண்ட் தேய்ந்துவிட்டது. டெலிவரி வால்வும் போய்விட்டது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் புதிது போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் சீசன் நேரம், பத்து நாள் ஆகும்" என்றார். அந்தப் பத்து நாளைப் பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.

அதே விற்பனையாளரைக் கூப்பிட்டேன். மாடலைச் சொன்னதும், "இருக்கிறது அண்ணே. முழுதாகப் பிரித்துச் சரிசெய்து, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்த பம்பு. ஆறு மாத உத்தரவாதம்" என்றார். விலை 36,000. நான் சந்தேகப்படாமல் இல்லை. பெயர்த்தகட்டைக் காட்டச் சொன்னேன், காணொளி வந்தது. என் பம்பில் இருக்கும் அதே எண். பம்பைச் சோதிக்கும் அந்த பெஞ்சில் ஓடுவதைக் காட்டச் சொன்னேன். அரை மணி நேரத்தில் இன்னொரு காணொளி வந்தது. சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏறுகிறது. ஒரு சொட்டுக்கூட ஏற்ற இறக்கம் இல்லை. அதைப் பார்த்தபோது என் விதைக்குழாய்களில் நெல் சமமாக விழுந்ததுதான் நினைவுக்கு வந்தது. பிறகு அவர் சொன்னார்: "நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் அண்ணே. விதைப்பு நேரத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையை நான் நம்பினேன். இன்றும் அதை நினைக்கும்போது வயிறு எரிகிறது.

செயலி வழியாக வாங்கினால் கமிஷன் போகும், நேரடியாக அனுப்பினால் 1,500 குறைத்துக்கொள்கிறேன் என்றார். அப்படித்தான் 34,500 ஆனது. கைப்பேசியில் ஒரே தடவையில் அனுப்பிவிட்டேன். இன்னொன்றும் கேட்டார்: மாற்றுப் பொருளாகப் பழைய பம்பைக் கொடுத்துவிட வேண்டும். பார்சல் லாரியில் பம்பு ஏறிய ரசீதின் படம் வந்ததும், எங்கள் பழைய பம்பைக் கழற்றி, சாக்கில் கட்டி, அதே பார்சல் சர்வீஸில் அனுப்பிவைத்தேன். அப்பா காலத்திலிருந்து வண்டியோடு இருந்த பம்பு. எலிமெண்ட் மாற்றியிருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

புதிதாக வந்த பம்பு பளபளவென்று பெயின்ட் அடித்து இருந்தது. மெக்கானிக் அண்ணன் மாட்டி, டைமிங் வைத்து, காற்றெடுத்து, ஸ்டார்ட் செய்தார். உடனே பிடித்தது. எனக்கு உயிர் வந்தது. ஆக்சிலரேட்டரைக் குறைத்தேன், வேகம் இறங்கவில்லை. முழுக்கக் குறைத்தும் என்ஜின் தானாகவே ஏறிப் போய் ஒரே வேகத்தில் நின்று உறுமியது. அண்ணன் அவசரமாக நிறுத்திவிட்டுப் பம்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயர்த்தகட்டை நகத்தால் சுரண்டினார். ஆணிகள் புதியவை. தகட்டுக்கு அடியில் வேறு ஒரு தகடு இருந்த அடையாளம் தெரிந்தது.

"இது ஜெனரேட்டர் பம்பு தம்பி" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. விளக்கினார். இதே குடும்பத்து என்ஜினை ஜெனரேட்டருக்கும் போடுவார்கள். வெளியே பார்க்கப் பம்பு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் மாறாமல் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். அதனால் அந்தப் பம்பின் கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம், ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி அமைந்திருக்கும். டிராக்டருக்கு அது உதவாது. மெதுவாக ஊர வேண்டும், வரப்பில் திருப்ப வேண்டும், மேட்டில் இழுக்க வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஸ்பிரிங்குகளில் துரு. டெஸ்ட் பெஞ்சைக் கண்ணாலும் பார்த்திருக்காத பம்பு. காணொளியில் பெஞ்சில் ஓடியது வேறு எவருடைய பம்போ. தகடு ஒரு காணொளி, பெஞ்சு இன்னொரு காணொளி. இரண்டும் ஒரே பம்பு என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

அன்று மாலையே கூப்பிட்டேன். முதலில், "மாட்டியதில் தவறு இருக்கும் அண்ணே, நல்ல மெக்கானிக்காகப் பாருங்கள்" என்றார். முப்பது வருடம் கை கறுத்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். மறுநாள் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "மூடியைக் கழற்றியிருக்கிறீர்களே, சீல் உடைந்துவிட்டது, இனி உத்தரவாதம் கிடையாது" என்று பதில் வந்தது. துரு இருப்பதைப் பார்க்கத்தான் படம் கேட்டார் என்று நினைத்தேன். மூடி திறந்திருப்பதைப் பிடிக்கத்தான் கேட்டிருக்கிறார்.

சரி, பணம் வேண்டாம், என் பழைய பம்பையாவது திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "அது பிரித்தாகிவிட்டது அண்ணே." இரண்டு நாள் கழித்து, "கிடங்கில் இருக்கிறது, தேடச் சொல்கிறேன்." அதற்கடுத்து, "அது இன்னும் வந்தே சேரவில்லை." ஒரே வாயிலிருந்து மூன்று பதில். பிறகு ஒரு பெண் எடுத்து, "அவர் வெளியூர் போயிருக்கிறார்" என்றார். பிறகு அந்த எண் வேறு அழைப்பில் இருந்தது, எப்போது கூப்பிட்டாலும்.

செயலி நடத்துபவர்களிடம் புகார் கொடுத்தேன். ஒரு புகார் எண் வந்தது. நான்கு நாள் கழித்து, "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே. தங்கள் கட்டணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். நான் நேரடியாகப் பணம் அனுப்பியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விற்பனையாளரின் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை அடையாளம் போட்டது யார்? எதைச் சரிபார்த்தார்கள்? இதற்குப் பதில் இல்லை. இரண்டாம் புகார் கொடுத்தேன். முதல் பதிலையே எழுத்து மாறாமல் அனுப்பினார்கள். அந்த ஆள் இன்றும் அங்கே கடை விரித்திருக்கிறார். நேற்றுக்கூட வேறொரு பம்பின் படம் போட்டிருக்கிறார், புதுப் பெயின்டோடு.

34,500 ரூபாய் என்பது எங்கள் ஆறு ஏக்கருக்கு விதை, உரம், உழவு எல்லாவற்றுக்கும் ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதி. அது மட்டும் என்றாலும் பொறுத்துக்கொள்வேன். பம்பு இல்லாத டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. 46 கிராம், 47 கிராம் என்று அளந்து வைத்த சீட் டிரில் அதன் பின்னால் சும்மா நிற்கிறது. வாடகை டிராக்டருக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. முறை வந்து இரண்டு ஏக்கர் உழுதேன், ஆனால் அவர்களிடம் சீட் டிரில் இல்லை. என்னுடையதை மாட்டிக் கொடுங்கள் என்றால் நேரமில்லை என்றார்கள். கையால்தான் வீசினோம். ஏக்கருக்கு 40 கிலோவுக்கு மேல் விதை போனது. போன வாரம் ஒரு தூறல் விழுந்தது. மேலாகக் கிடந்தது முளைத்துவிட்டது. இன்று பார்த்தேன், பாதி நுனி காய்ந்து நிற்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பம்பை, பழைய பாகத்தை, புதியது மாட்டி ஒரு நாள் ஓடும்வரை கையைவிட்டு அனுப்பாதீர்கள். மாற்றுப் பொருள் முன்கூட்டியே வேண்டும் என்று கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

காணொளி கேட்டால், பெயர்த்தகட்டிலிருந்து பெஞ்சு வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிவைக்கச் சொல்லுங்கள். தகட்டின் ஆணியையும் பெயின்டையும் பாருங்கள். டிராக்டர் பம்பா, ஜெனரேட்டர் பம்பா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விலை குறைகிறது என்று தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். நான் ஒன்பதாம் நாள்தான் சொன்னேன், அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறேன். ரசீது, இரண்டு காணொளி, அழைப்புப் பட்டியல், சாக்கில் கட்டிய அந்த ஜெனரேட்டர் பம்பு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. வாடகை டிராக்டர்காரர் சாயங்காலம் ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீதி நான்கு ஏக்கர் இன்னும் உழவே இல்லை, நான் கிளம்புகிறேன்.