கொரியன் முள்ளங்கி விதை பாக்கெட்: வளர்த்து சமைச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

5க்கு 4 ஸ்டார். விதை அருமை, முளைப்பும் நல்லா இருந்துச்சு. ஒரு ஸ்டார் குறைச்சது பாக்கெட் பின்னாடி இருக்குற குறிப்புக்காகத்தான், வருஷம் முழுக்க விதைக்கலாம்னு போட்டிருக்காங்க, தயவுசெஞ்சு அத நம்பி இறங்காதீங்க. இது குளிரப் பாத்து விளையுற பயிர். கொரியாலயே ஆகஸ்ட் மாசம் விதைச்சு நவம்பர்ல பிடுங்குவாங்க, அப்பதான் கிம்ஜாங் சீசன், குளிர்காலம் முழுக்க சாப்பிட வேண்டிய கிம்சிய (காய்கறில உப்பு, மிளகாத்தூள் போட்டு புளிக்க வெக்கிற கொரியன் ஊறுகா) எல்லாரும் சேந்து மொத்தமா போட்டு வைக்கிறது, 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்த விஷயம் அது. வெயில் ஏறுற நேரத்துல விதைச்சா பகல் நீள நீள பூத்தண்டு விட்டுரும், கிழங்கு நாராப் போயிரும், அப்புறம் விதைய குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

மண்ணு ஒரு அடி ஆழத்துக்கு பொலபொலன்னு இருக்கணும். கல்லு இருந்தாலோ மக்காத எரு போட்டாலோ கிழங்கு ரெண்டு மூணு காலா பிரிஞ்சுரும். நாத்து விட்டுப் பிடுங்கி நடுற வேலையே வேண்டாம், நேரா நிலத்துல ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல போடுங்க. பாக்கெட்ல சொன்ன இடைவெளியும் பத்தாது, ஒரு சாண் விட்டு மத்தத கலைச்சிருங்க, கலைச்ச குருத்த அப்படியே சாலட்ல போட்டு சாப்பிடலாம், சும்மா சுருக்குனு இருக்கும். இலையில ஊசி குத்துன மாதிரி ஓட்டை போடுற குட்டி கருப்பு வண்டு வரும், அதுக்கு விதைச்ச அன்னிக்கே வலை போட்டு மூடிரணும், வந்த பிறகு மூடுனா வண்டும் உள்ளேயே இருக்கும். காயவிட்டு திடீர்னு நிறைய தண்ணி ஊத்தாதீங்க, கிழங்கு வெடிச்சிரும்.

60 - 70 நாள்ல கிழங்கோட தோள்பட்டை மண்ணுக்கு மேல தூக்கிட்டு வெளிர் பச்சையா நிக்கும். அந்தப் பச்சை குறை இல்லங்க, இந்த ரகத்தோட அடையாளமே அதுதான், மண்ண அணைச்சு மூட வேணாம். பெருசாகட்டும்னு ரொம்ப நாள் விட்டா உள்ள பஞ்சாயிரும். பிடுங்குன உடனே இலைய வெட்டிருங்க, இல்லனா கிழங்குல இருக்குற தண்ணிய இலை இழுத்துரும். இலையத் தூக்கிப் போடாதீங்க, கொரியால அத காயவெச்சு சிரேகின்னு சூப்புக்கு எடுத்து வைப்பாங்க.

இப்ப முக்கியமான மேட்டர், ருசி. டைகோன்னு சொல்ற நீளமான ஜப்பான் வெள்ளை முள்ளங்கி மாதிரி தண்ணியா இருக்காது, கட்டையா, குண்டா, கெட்டியா இருக்கு, கத்தி இறங்கும்போதே கறுக்னு சத்தம் கேக்குது, வெட்டுன இடத்துல சாறு முத்து முத்தா நிக்குது. பச்சைப் பக்கம் இனிப்பு, பச்சையாவே சாப்பிடலாம், வால் பக்கம் காரம், அத மாட்டிறைச்சி போட்டு வெக்கிற மூகுக் சூப்புக்கு ஒதுக்கிருங்க, கொதிச்சா காரம் போயி சூப்பே இனிக்கும்.

ஆனா இந்த விதைய வாங்குறதே கக்டுகிக்காகத்தான்னு நான் சொல்வேன், முள்ளங்கிய துண்டு துண்டா வெட்டிப் போடுற கிம்சிதான் அது. ரெண்டு சென்டிமீட்டர் சதுரமா வெட்டி உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு அரை மணி நேரம் வெச்சு, விட்ட தண்ணிய வடிச்சுட்டு (கொஞ்சம் எடுத்து வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்) கொச்சுகாரு மிளகாத்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாஸ், உப்புல ஊறுன இறால், வெங்காயத்தாள் எல்லாம் போட்டு கையாலயே பெரட்டுங்க. மொதல்ல மிளகாத்தூள் மட்டும் போட்டுப் பெரட்டுனா நிறம் நல்லா பிடிக்கும். எடுத்து வெச்ச தண்ணிய ஊத்தி ஜாடியில அமுக்கி, ஒண்ணு ரெண்டு நாள் வெளியில வெச்சு புளிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாத்திருங்க. சாதா வெள்ளை முள்ளங்கில போட்டது சீக்கிரமே தொளதொளன்னு ஆயிரும், இது வாரக்கணக்குல இருந்தும் கடிச்சா நறுக்குனு இருக்கு!

வாங்கும்போது படத்தப் பாத்து வாங்குங்க. விரல் நீளத்துல வாலோட இருக்குற சொங்காக் ரகமும் கொரியன் முள்ளங்கின்னுதான் விக்கிது, அது இலையோட முழுசா கிம்சி போடுறதுக்கு, சீக்கிரமே ரெடியாயிரும், தொட்டில வளக்குறவங்களுக்கு அதுதான் சரி.