கண்ணாடிப் பாசிக்கு ஓட்டோவா, பிரிஸ்டில்நோஸா?

தொட்டியில் பாசி படிகிறது என்று மீன் கடையில் சொன்னால் பெரும்பாலும் ‘சக்கர்’ மீனைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். விரல் நீளக் குட்டி, விலையும் குறைவு. சென்னை கொளத்தூர் கடைத்தெருவில் இதைத் தேடவே வேண்டாம், எங்கும் இருக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஒரு அடியையும் தாண்டி வளரும்; வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, போடும் தீனிக்கு அலையும். வைத்திருக்க முடியாமல் ஏரியிலும் குளத்திலும் விட்டுவிட்டுப் போனவர்களால் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் என்று நீர்நிலைகளில் பரவி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

அதை ஒதுக்கிவிட்டால், வீட்டுத் தொட்டிக்குப் பொருந்துகிற சின்னக் கெளுத்தி வகைகளில் முக்கியமானவை இரண்டு: ஓட்டோசிங்க்லஸ், பிரிஸ்டில்நோஸ் ப்ளெகோ. இரண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா.

ஓட்டோ 4 செ.மீ. அளவில் நின்றுவிடும். செடித் தொட்டிக்கென்றே பிறந்த மீன் என்பேன். மெல்லிய இலையைக்கூடக் கிழிக்காமல் மேலே படிந்த பாசியை மட்டும் வழித்தெடுக்கும். இறால் குஞ்சுகளையும் தொந்தரவு செய்யாது. ஆனால் கூட்டமாக வாழ்கிற மீன், குறைந்தது ஆறு மீன்களாவது வேண்டும். கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. பயணத்தில் பட்டினி கிடந்து, வந்து சேரும்போதே வயிறு ஒட்டிப்போயிருக்கும். அதனால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உருண்டு இருந்தால் வாங்கலாம். குழி விழுந்திருந்தால் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள், அநேகமாகப் பிழைக்காது.

பலர் சறுக்குவது இங்கேதான். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்பு நிறப் படிவு வரும். ஓட்டோவுக்கு அது விருந்து என்பது உண்மை. அதை நம்பி வாங்கி விடுகிறார்கள். ஆனால் தொட்டி பழகப் பழக அந்தப் படிவு தானாகவே குறையும். அப்புறம் மீனுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. தண்ணீரும் இன்னும் நிலைப்பட்டிருக்காது. தொட்டிக்கு நாலைந்து மாத வயதாவது ஆகட்டும், கல்லிலும் கட்டையிலும் பச்சை படரட்டும். ஓட்டோவை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பிரிஸ்டில்நோஸ் இவ்வளவு நுணுக்கம் பார்க்காது. 10 முதல் 13 செ.மீ. வரை வளரும். தொட்டியிலேயே எளிதாகக் குஞ்சு பொரிப்பதால், பண்ணையில் பிறந்த குட்டிகள் கிடைக்கின்றன. தீனிக்கும் சீக்கிரம் பழகும். வளர்ந்த ஆணின் மூக்கின் மேல் கிளை கிளையாக மீசை முளைக்கும். முட்டையைக் குகைக்குள் வைத்து விசிறிக் காப்பதும் அதுதான்; அதைப் பார்ப்பதற்காகவே ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். குறை என்றால் கழிவு. ராத்திரி முழுக்கத் தின்று, காலையில் தரையெல்லாம் நூல் நூலாகப் போட்டு வைத்திருக்கும். நல்ல ஃபில்டர் வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டையும் வேண்டும்.

வாங்கும்போது சக்கர் குட்டியைப் பிரிஸ்டில்நோஸ் என்று கொடுத்துவிடக்கூடும். முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி உயர்ந்து நீளமாக விரிந்தால் அது சக்கர். பிரிஸ்டில்நோஸின் துடுப்பு சின்னது, தலை அகலமாகத் தட்டையாக இருக்கும்.

தொட்டி இரண்டடி, அதாவது 55 லிட்டர் போல என்றால் ஓட்டோதான் சரி. மூன்றடித் தொட்டி, 130 லிட்டர் என்றால் என் ஓட்டு பிரிஸ்டில்நோஸுக்கு, ஒன்றே போதும். நம் ஊர் வெயிலும் அதன் பக்கம்தான். இரண்டுமே 22 முதல் 27 டிகிரியில் சுகமாக இருப்பவை. மே மாதத்தில் தண்ணீர் 30-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், ஓட்டோ முதலில் வாடும். எதை வைத்தாலும் கோடையில் ஏர் பம்ப் ஓடட்டும்.

பாசியை மட்டும் நம்பி இரண்டையும் விடக் கூடாது. வெள்ளரி, சுரைக்காய், பசலைக்கீரையை வெந்நீரில் லேசாக வாட்டி, ராத்திரி போட்டு, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். ஓட்டோ முதலில் சீண்டாது. விடாமல் போட்டு வந்தால் பழகும்.

செடி ஓரங்களில் கறுப்பாகக் குஞ்சம் குஞ்சமாக வளர்கிற பாசிதான் உங்கள் தொல்லை என்றால், அதற்காக இந்த இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். அதை இவை தின்னாது. விளக்கு நேரத்தைக் குறைத்து, பாதித்த இலைகளை வெட்டி எடுங்கள்.