அலுமினியச் சட்டக் காந்தப் பலகை: 4-3-3 பழக்குவோர் வாங்கலாமா?

உதைபந்தாட்டத்தில் 4-3-3 (பின்வரிசையில் நால்வர், மத்தியகளத்தில் மூவர், முன்னால் மூவர்) பழக்குவோர் இதை வாங்கலாம். ஆனால் கடையிலிருந்து வந்தபடியே மைதானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 60 சென்ரிமீற்றருக்கு 45 அளவுள்ள இந்த வெள்ளைப் பலகையில் அச்சிட்டிருக்கும் மைதானம் 56 நீளம், 41 அகலம். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உள்ள உதைபந்தாட்ட மைதானத்தை அதே நீளத்துக்கு வரைந்தால் அகலம் 36.3 சென்ரிமீற்றர்தான் வரவேண்டும். பலகையை நிரப்புவதற்காக இழுத்து அச்சிட்டுவிட்டார்கள். கோட்டோரம் முன்னால் ஆடும் விங்கருக்கு உண்மையில் இல்லாத இடம் இதில் இருக்கிறது. இரு பக்கக் கோட்டிலிருந்தும் 2.4 சென்ரிமீற்றர் உள்ளே கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டுங்கள். பெனால்டிப் பெட்டியை 21.5 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் கோல் பெட்டியை 9.8 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் குறுக்குங்கள். கணக்குச் சரியாகிவிடும்.

பிறகு பெனால்டிப் பெட்டியின் ஓரங்களையும் கோல் பெட்டியின் ஓரங்களையும் மறு கோல்வரை நீட்டி அழியாத மையால் நான்கு கோடு போடுங்கள். ஐந்து பாதை கிடைக்கும். மைதானத்துக் கணக்கில் ஓரப்பாதை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 மீற்றர், உட்பாதை 11, நடுப்பாதை 18.

பந்து எதிரணியின் பாதிக்குள் போனதும் ஐந்து பாதையிலும் ஒவ்வொருவர் நிற்கவேண்டும். விங்கர்கள் கோட்டோரம், மத்தியகளத்தில் முன்னுக்கு ஆடும் இருவரும் உட்பாதைகளில், முன்வரிசையின் நடு வீரரான 9 ஆம் இலக்கக்காரர் நடுவில். பின்வரிசையின் ஓரக் காவலரான புல் பாக் இருவரும் மத்தியகளத்தில் பின்னுக்கு ஆடும் 6 ஆம் இலக்கக்காரருக்கு இரு பக்கமும், பின்னால் நடுக் காவலரான சென்ரர் பாக் இருவர். இடது விங்கர் உள்ளே வெட்டினால் அந்தப் பக்க மத்தியகள வீரர் கீழே இறங்கவேண்டும், புல் பாக் கோட்டோரம் ஏறவேண்டும். இவர்களைக் குறிக்கும் மூன்று காந்த வில்லையும் ஒரே நேரத்தில் நகரவேண்டும். பிள்ளைகள் பிழைவிடுவது இங்கேதான். விங்கர் மட்டும் உள்ளே வருவார். இரண்டு வில்லை முட்டிக்கொண்டு நிற்கும். ஓரப்பாதை வெறுமையாகக் கிடக்கும். எதிரணியின் ஒரே புல் பாக் இருவரையும் பார்த்துக்கொள்வார். வாயால் பத்துத்தரம் சொல்லி விளங்காததைப் பலகை ஒருதரத்தில் விளங்கப்படுத்துகிறது. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

இரண்டு புல் பாக்கும் சேர்ந்து ஏறலாமா என்பது அடுத்த கேள்வி. 2018-19 பிரிமியர் லீக்கில் லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் 12 கோல்களுக்கும் ரொபேர்ட்சன் 11 கோல்களுக்கும் பந்து கொடுத்தார்கள். மத்தியகள வீரர்கள் பின்னால் காவல் நின்றதால்தான் அவர்களால் அப்படி ஏற முடிந்தது. மத்தியகளத்தையும் முன்னே தள்ளிவிட்டு இருவரையும் ஏற்றிப் பாருங்கள். 6 ஆம் இலக்க வில்லை தன்னந்தனியே நிற்கும்.

9 ஐக் கீழே இறக்கும் ஆட்டத்தையும் இதில் நன்றாகக் காட்டலாம். 2009 மே 2 இல் ரியல் மட்ரிட்டை பார்சிலோனா 6-2 என வென்றபோது மெஸ்ஸி அப்படித்தான் நடுவில் இறங்கி ஆடினார். சென்ரர் பாக் அவரோடு போனால் முதுகுக்குப் பின்னால் ஓட்டை, போகாவிட்டால் அவர் தடையின்றித் திரும்புவார்.

பலகையின் பெரிய குறை வில்லையின் பருமன். 2 சென்ரிமீற்றர் வில்லை மைதானத்தில் 3.75 மீற்றரை மூடுகிறது. நிற்கும் ஆள் ஒரு மீற்றர்கூட அடைக்கமாட்டார். பின்வரிசை இறுக்கமாக இருப்பதாகப் பலகையில் தோன்றும். தரையில் அதற்குள்ளால் பந்து போகும். ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் பொட்டு வைத்து, பொட்டிலிருந்து அளந்து காட்டுங்கள். ஓப்சைட் கோட்டை இதில் பழக்கவே வேண்டாம், தரையில் கயிறு இழுத்துக் காட்டுங்கள். காற்றும் இதில் தெரியாது. வன்னியில் சோளகம் அடிக்கும் மாதங்களில் ஒரு விங்கிலிருந்து மறு விங்குக்குத் தூக்கியடிக்கும் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும். காற்றுக்கு எதிரே ஆடும் பாதியில் 6 இன் காலூடாகத் தரையால் பக்கம் மாற்றுவதையே பழக்குங்கள்.

பராமரிப்பில் செம்மண் புழுதிதான் எதிரி. உலர்ந்த துணியால் துடைத்தால் மேற்பரப்பு கீறுப்பட்டு, கீறலுக்குள் மை இறங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் காய்ந்து பிடித்த எழுத்தின்மேல் அதே மார்க்கரால் மறுபடி எழுதி உடனே துடைத்தால் போகும். அழியாத மையில் போட்ட நான்கு கோட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அவையும் போய்விடும்.

வாங்கும்போது கடையிலேயே எல்லா வில்லையையும் ஒட்டி, பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூன்று நான்கு வழுகி இறங்கினால் வேறு பெட்டி கேளுங்கள்.