வேலைக்குப் போகலாம் என்று ஒரு வரி

ஆஞ்சியோ நல்லபடியாக முடிந்தது. லீவில் ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் நெஞ்சுவலி, மைல்டு அட்டாக், அன்றைக்கே ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்து ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே போனார்கள், தொடையில் கை வைக்கவே இல்லை. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அப்புறம் வந்த ஒரு தாள்.

நான் வெளிநாட்டில் ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறேன். பெட்டி தூக்குவது, ஏணியில் ஏறுவது, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் ஆனதும் ரிவ்யூவுக்குப் போனேன். "நல்லா இருக்கீங்க, வேலைக்குப் போகலாம்" என்றார் டாக்டர். ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டேன், பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. 'மேற்படி நபருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது. இவர் பணிக்குத் திரும்பத் தகுதியானவர்.' கையெழுத்து, சீல், அவ்வளவுதான். படம் எடுத்துக் கம்பெனி டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

அன்று ராத்திரியே பதில் வந்தது. தகுதி சரி, எந்த வேலைக்குத் தகுதி? கூடவே இரண்டு பக்கப் படிவம். எந்த ரத்தக்குழாய், வேறு அடைப்பு மீதி இருக்கிறதா, இதயம் ரத்தத்தை எத்தனை சதவீதம் வெளியே தள்ளுகிறது, டிரெட்மில்லில் எத்தனை நிமிடம் தாங்கினார், எத்தனை கிலோ தூக்கலாம், ஏணி ஏறலாமா, ராத்திரி வேலை செய்யலாமா, என்னென்ன மாத்திரை. படிக்கும்போது எரிச்சல்தான் வந்தது. அங்கே எதற்கும் படிவம், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது, இதில் ஒரு கேள்விக்குக்கூட எனக்கே பதில் தெரியாது என்பது உறைத்தது. என் நெஞ்சுக்குள் இருப்பது எது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார், படிவத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அடுத்த நாள் போனால் படிவம் வெற்றாக அப்படியே இருந்தது, மேலே புதுச் சர்டிபிகேட் ஒன்று குத்தப்பட்டிருந்தது. அதே வரி, அதோடு 'கனமான வேலையைத் தவிர்க்கவும்' என்று ஒரு சேர்க்கை. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் வேலையே கனம் தூக்குவது. இந்த மூன்று வார்த்தையை அனுப்பினால் என்னைச் சம்பளமில்லாமல் உட்கார வைப்பார்கள். கவுன்டரில் இருந்த தம்பியிடம் விளக்கினேன். "அண்ணே, எல்லாருக்கும் இதுதாண்ணே குடுக்கிறோம், யாரும் திரும்ப வரலையே" என்றான். மூன்றாம் முறை போனபோது ஃபைல் ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விட்டது என்றார்கள்.

வீட்டில் வேறு கதை. "இனிமே எதுக்குடா வேலை, பேசாம வீட்ல இரு" என்றாள் அக்கா. எக்கோ என்கிற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 55 சதவீதம் என்று பார்த்துவிட்டு, பாதி இதயம்தான் வேலை செய்கிறது என்று நினைத்து அழுதுவிட்டாள். அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. எங்கள் பழைய குடும்ப டாக்டர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அப்பா என்ன வேலை செய்தார், எவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'ரெண்டு நாள் கழிச்சுப் போ, மூட்டையைத் தொடாதே' என்பார், அது சட்டம்.

நாலாம் முறை டி.எம்.டி. அறைக்கு, அதாவது டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். படிவத்தை முழுதாகப் படித்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். கிடங்கு வேலை என்றேன். "அது சரி, கிடங்குல நீங்க என்ன செய்வீங்க?" ஒரு பெட்டி எத்தனை கிலோ, தரையிலிருந்து எடுப்பீர்களா, இடுப்பு உயரத்திலிருந்தா, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். அப்புறம் பக்கத்திலிருந்த மர நாற்காலியைக் காட்டி, "இதைத் தூக்குங்க, எப்படித் தூக்குறீங்கன்னு பாக்கணும்" என்றார்.

தூக்கினேன். "பாத்தீங்களா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டீங்க." பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்றார். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மறுபடி தூக்கச் சொன்னார், மறுபடியும். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. இருபது வருடமாக நான் தவறாகத் தூக்கியிருக்கிறேன்.

பிறகு டிரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். மூன்றாம் கட்டத்தில் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், ஏற்றம் 14 சதவீதம். ஒன்பது நிமிடம் முடிந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் வலி இல்லை, ஈ.சி.ஜி. கோட்டிலும் மாற்றம் இல்லை. உங்கள் பெட்டிக்குத் தேவையானதைவிட இது அதிகம் என்றார்.

55 பற்றியும் கேட்டேன். நல்ல இதயமே ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் தள்ளாது, 55 முதல் 70 வரை இருந்தால் சரியான அளவு என்றார். அக்கா சொன்னதையும் சொன்னேன். பலூனால் அடைப்பை விரிப்பதே 1977-ல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற டாக்டர் செய்த பிறகுதான் வந்தது, மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட் 1986-ல், அதற்கு முந்தைய பயம்தான் இன்னும் வீடுகளில் இருக்கிறது என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் எல்லாமே இருந்தது. இடது முன்பக்க ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஒரு ஸ்டென்ட், அதன் அளவு, தேதி. வேறு பெரிய அடைப்பு இல்லை. முதல் இரண்டு வாரம் பாதி ஷிஃப்ட், பகலில் மட்டும், 10 கிலோ வரை. வலி இல்லையென்றால் அப்புறம் 20 கிலோ. பிரஷர் மாத்திரையால் சட்டென்று எழும்போது தலை சுற்றலாம், அது அடங்கும்வரை ஏணி வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், டிக்காக்ரெலார் என்ற இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுவதால் காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், அட்டைப்பெட்டி கிழிக்கும்போது கையுறை கட்டாயம். டிக்காக்ரெலார் 12 மணி நேரத்துக்கு ஒன்று, நைட் ஷிஃப்ட் வந்தாலும் நேரம் மாறக்கூடாது. பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய டாக்டரைக் கேட்காமல் இந்த இரண்டில் எதையும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையலாம். இதைப் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

அங்கே என்றால் இந்தக் கடிதத்துக்கு அப்பாயின்ட்மென்ட்டே பல வாரம் ஆகும். இங்கே நாலு நாள் அலைந்தேன், ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவரிடம் போய்ச் சேர்ந்ததும் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் எத்தனை பேர் ஒற்றை வரிச் சான்றிதழோடு மூட்டை தூக்கவும் லாரி ஓட்டவும் திரும்பிப் போகிறார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போதே உங்கள் வேலையைப் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். ஆபீஸ் வேலையா, நின்றுகொண்டே செய்வதா, தூக்குவதா, ஓட்டுவதா என்று விவரமாகச் சொல்லுங்கள்.

கம்பெனி டாக்டர் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். பாதி ஷிஃப்ட் முடிந்து, போன திங்கட்கிழமை என்னுடைய முதல் 20 கிலோ பெட்டியைத் தூக்கினேன். மூச்சை விட்டுக்கொண்டே.