நெட்வொர்க் பூட் டிஸ்க்: ஃபிளாப்பி முதல் ஐபிஎக்ஸ்இ வரை ஒரு லேப் அனுபவம்

கல்லூரி லேப் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்கு ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் வரும் வேலை ஒன்றுதான். ஒரு சிஸ்டத்தில் விண்டோஸ், கம்பைலர், டேட்டாபேஸ், பாடத்திட்டம் கேட்கும் மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுச் சரிபார்த்து, அதை அப்படியே இமேஜாக எடுத்து, லேபில் உள்ள மற்ற எல்லா மெஷின்களிலும் இறக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் மறுபடி ஒருமுறை. இமேஜ் சர்வரில் இருக்கும். எதுவுமே இல்லாத ஒரு மெஷினை அந்த சர்வர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நெட்வொர்க் பூட் டிஸ்க்கின் வேலை. ஃபிளாப்பியில் ஆரம்பித்து சிடி, பென் டிரைவ் என்று பல வருடங்களாக இந்த டிஸ்க்குகளைத் தயாரித்துப் பயன்படுத்தி வருகிறேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு காலம் அது உழைக்கும். டிரைவர், பாஸ்வேர்டு, இமேஜின் பெயர் என்று மாறக்கூடியவை எல்லாம் சர்வரில் இருக்கட்டும்.

டாஸ் காலத்தில் இதை முழுதாகச் செய்ய வழியில்லை. விண்டோஸ் என்டி 4.0 சர்வர் சிடியிலேயே நெட்வொர்க் கிளையண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒரு கருவி உண்டு. எம்எஸ்-டாஸுக்கான மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையண்ட் 3.0-ஐ 1.44 எம்பி ஃபிளாப்பியில் அடக்கிக் கொடுக்கும். நெட்வொர்க் கார்டுக்கு ஏற்ற டிரைவரை அதில் நாமே வைக்க வேண்டும். ரியல்டெக் 8139 கார்டு என்றால் புரோட்டோகால்.ஐஎன்ஐ கோப்பில் டிரைவர் பெயர் 'ஆர்டிஎஸ்என்டி$' என்று இருக்க வேண்டும். அந்த டாலர் குறி விடுபட்டால்கூட நெட்வொர்க் எழாது. 3காம் கார்டுக்கு வேறு டிரைவர், வேறு வரி, ஆக வேறு ஃபிளாப்பி. லேபில் மூன்று வகை கார்டு இருந்தால் மூன்று ஃபிளாப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பி. நெட்வொர்க் எழுந்து, சர்வரின் ஷேர் இசட் டிரைவாக வந்ததும், டிஸ்க்கை இமேஜாக எடுத்து இறக்கும் கோஸ்டை ஓட்டுவோம். கோஸ்ட் நிரலை ஃபிளாப்பியில் வைக்காமல் ஷேரிலேயே வைத்து அங்கிருந்து ஓட்டியது இன்றும் செல்லுபடியாகும் பழக்கம். புதிய பதிப்பு வந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

கோஸ்ட் நியூசிலாந்தில் பைனரி ரிசர்ச் நிறுவனத்தில் பிறந்தது. 1998-ல் சைமன்டெக் அதை வாங்கியது. அந்தக் காலத்து லேப்களில் 'கோஸ்ட் போடு' என்றாலே இமேஜ் இறக்கு என்றுதான் அர்த்தம்.

அடுத்து வந்தது பார்ட் லாகர்வைய் உருவாக்கிய, டாஸிலேயே ஓடும் நெட்வொர்க் பூட் டிஸ்க். பிசிஐ கார்டின் அடையாள எண்ணைப் படித்து, பொருத்தமான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். டிரைவர்கள் தனித்தனி கேப் (சுருக்கப்பட்ட தொகுப்பு) கோப்புகளாக இருக்கும். புதிய கார்டு வந்தால் ஒரு கேப் சேர்த்தால் சரி. எல் டொரிட்டோ என்ற 1995-ம் ஆண்டு விதிமுறைப்படி சிடியிலிருந்து பூட் செய்யும்போது அதிலுள்ள ஃபிளாப்பி இமேஜை பயாஸ் நிஜ ஃபிளாப்பியாகவே நினைத்துக்கொள்ளும். 2.88 எம்பி வரை இடம் கிடைக்கும். இடநெருக்கடி தீர்ந்தது. ஃபைனலைஸ் செய்த சிடியில் யாரும் எதையும் மாற்ற முடியாது என்பது இன்னொரு நிம்மதி. லேபில் பென் டிரைவ் வழியே வைரஸ் பரவிக்கொண்டிருந்த வருடங்களில் இந்த ஒரு குணத்துக்காகவே நான் சிடியை விடவில்லை.

அந்த டாஸ் சிடியை ஓய்வுபெறச் செய்தது வயதல்ல, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறை. டாஸ் கிளையண்டுக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சர்வர் பகுதி சேர்ந்து வருவதே இல்லை. பழைய சிடிக்காக அதை மறுபடி இயக்கிவைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பூட் சிடிக்காக முழு நெட்வொர்க்கையும் திறந்துவைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும்: டிஸ்க் இல்லாமலே நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யும் பிஎக்ஸ்இ இருக்கும்போது டிஸ்க் எதற்கு? இன்டெல் பிஎக்ஸ்இ 2.1-ஐ வெளியிட்டது 1999-ல். நெட்வொர்க் கார்டே, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்டு, 66, 67 என்ற ஆப்ஷன்களில் சொல்லப்படும் சர்வரிலிருந்து பூட் கோப்பை இறக்கிக்கொள்ளும். டிஹெச்சிபி உங்கள் கையில் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பல கல்லூரிகளில் நெட்வொர்க் ஒருவர் பொறுப்பு, லேப் வேறொருவர் பொறுப்பு. இரண்டு ஆப்ஷன்களைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, அது மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் செமஸ்டர் பாதி போய்விடும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு சர்வர் நிரலை ப்ராக்ஸி முறையில் ஓட்டினால் டிஹெச்சிபியைத் தொடாமலே பிஎக்ஸ்இ செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் லேப்கள் தனித்தனி விலேனில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) இருந்தால், ஒவ்வொரு விலேனுக்கும் ரூட்டரில் ரிலே போட வேண்டும். அதற்கும் அதே கடிதம்தான். பூட் டிஸ்க்குக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அதனால்தான் அது இன்னும் என் மேசையில் இருக்கிறது.

டாஸுக்குப் பிறகு நான் அதிகம் நம்பியது, கோஸ்டைப் போல இமேஜ் எடுத்து இறக்கும் குளோன்ஜில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் ஸ்டீவன் ஷியாவ் குழுவினர் உருவாக்கியது. லைவ் பதிப்பு டெபியன் அடிப்படையிலானது, இலவசம், ஒரு சிடியில் அடங்கிவிடும். லினக்ஸ் கெர்னல் உள்ளே இருப்பதால் நெட்வொர்க் கார்டு டிரைவர் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. டிஸ்க்கில் பயன்படுத்தப்பட்ட பகுதிகளை மட்டும் அதனுள் இருக்கும் பார்ட்குளோன் நிரல் படிக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி நிறைந்திருந்தால் அந்த 40 மட்டும்தான், அதுவும் சுருக்கப்பட்டு, சர்வருக்குப் போகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'டு ரேம்' என்ற பூட் மெனு வரி. அதைத் தேர்ந்தெடுத்தால் முழு சிஸ்டமும் நினைவகத்துக்கு ஏறிவிடும். டிரைவின் விளக்கு அணைந்து மெனு வந்ததும் சிடியை எடுத்து அடுத்த மெஷினில் போடலாம். ஒரே சிடி ஒரு வரிசையை முழுதாகச் சுற்றிவரும். கடைசி மெஷினை எழுப்பும்போது முதல் மெஷினில் இமேஜ் பாதி இறங்கியிருக்கும்.

ஆனால் வழக்கமான முறையில் ஒவ்வொரு மெஷினிலும் மொழி, கீபோர்டு, சாம்பா (கோப்புப் பகிர்வு) சர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு, இமேஜ், டிஸ்க் என்று வரிசையாகக் கேட்கும். முப்பது மெஷினுக்கு இதையே தட்டுவது அலுப்பு, தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து வேறு. இதற்கெல்லாம் பதிலைப் பூட் வரியிலேயே எழுதிவிடலாம். மொழியும் கீபோர்டும் அதில் போகும். ஷேரை மவுன்ட் செய்யும் கட்டளை 'ஓசிஎஸ் பிரீரன்' பகுதியில் போகும். எந்த இமேஜை எந்த டிஸ்க்கில் இறக்க வேண்டும் என்பது 'ஓசிஎஸ் லைவ் ரன்' பகுதியில். இப்படி ஐஎஸ்ஓவைத் திருத்தி பர்ன் செய்தால் சிடியைப் போட்டு என்டர் தட்டுவதோடு வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், இமேஜ் பெயர் மாறினால் சிடியையும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு வேறு சிடியில் உட்கார்ந்திருக்கும். எனவே ஷேரில் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கணக்கை இதற்கென்றே வையுங்கள்.

குளோன்ஜில்லாவின் பெரிய குறை டிஸ்க் அளவு. இமேஜ் எடுத்த டிஸ்க்கைவிட இறக்கும் டிஸ்க் சிறியதாக இருந்தால் சாதாரண முறையில் ஒத்துக்கொள்ளாது. 500 ஜிபி ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்களில் எல்லாம் இந்தச் சுவர் குறுக்கே வரும். மூல இமேஜை எப்போதும் சிறிய டிஸ்க்கில், முடிந்தால் விர்ச்சுவல் மெஷினில் 100 ஜிபிக்குள் தயாரியுங்கள். இறக்கிய பிறகு விரித்துக்கொள்வது சுலபம்.

டிஸ்க்கிலிருந்தே எழும் சிறிய விண்டோஸான விண்பிஇக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதிலுள்ள டிஐஎஸ்எம் கருவி கோப்பு கோப்பாக எடுத்துக் கோப்பு கோப்பாக இறக்குவதால், உள்ளடக்கம் கொள்ளும் எந்த டிஸ்க்கும் போதும். டிஸ்க்பார்ட்டில் பிரித்து, இமேஜை இறக்கி, பூட் கோப்புகளை அமைக்கும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தால் மெஷின் எழுந்துவிடும். ஆனால் டிரைவர் தலைவலி டாஸ் காலத்தைப் போலவே திரும்பி வரும்: புது மாடல் நெட்வொர்க் கார்டு என்றால் டிரைவரை பூட் இமேஜுக்குள் டிஐஎஸ்எம் வழியே நாமே சேர்க்க வேண்டும். இன்னொன்று, 72 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் விண்பிஇ தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். இமேஜ் வேலைக்கு அது பொருட்டல்ல.

குளோன்ஜில்லா, விண்பிஇ இரண்டையும் ஒரே டிஸ்க்கில் இணைத்தது, பிஎக்ஸ்இயின் வேலையை டிஸ்க்கிலிருந்தே செய்யும் ஐபிஎக்ஸ்இ நிரல். இப்போது நான் பயன்படுத்துவது இதைத்தான், மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வதும் இதைத்தான். ஐஎஸ்ஓ சில எம்பிதான். தொகுக்கும்போதே அதனுள் ஒரு சிறு ஸ்கிரிப்டைப் பதித்துவிடலாம். என்னுடையதில் இருப்பது இரண்டே வேலை: டிஹெச்சிபியிடம் முகவரி வாங்கு, இந்த வெப் சர்வரில் உள்ள மெனு கோப்பை எடுத்து ஓட்டு. மெனு சர்வரில் இருக்கிறது. அதிலிருந்து குளோன்ஜில்லாவின் கெர்னலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பும் ஹெச்டிடிபி வழியே இறங்கும். விண்பிஇ வேண்டுமென்றால் விம்பூட் என்ற சிறு நிரல் அதை எழுப்பும். புது இமேஜ் தயாரானால் சர்வரில் ஒரு வரியைத் திருத்துவதோடு சரி. டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. சர்வரை ஐபியால் குறிக்காமல் பெயரால் குறித்தேன். சர்வர் மெஷின் மாறி ஐபி மாறியபோதும் அதே சிடிகள் ஓடின. குளோன்ஜில்லா எத்தனையோ பதிப்பு மாறிவிட்டது, டிஸ்க் அப்படியே இருக்கிறது. பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ உள்ள புதிய மெஷின்களுக்கு அதே ஸ்கிரிப்டைப் பதித்த இஎஃப்ஐ கோப்பை பென் டிரைவில் வைத்தால் போதும். நாமே தொகுத்த கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாததால், அது உள்ள கோப்புகளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்கிவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். இமேஜ் 20 ஜிபி, மெஷின் 30, சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்ப 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வேலை ஜிகாபிட்டில் ஒன்றரை மணி நேரம். அதனால் டிஸ்க்கைப் பற்றி யோசிக்கும் முன் சுவிட்சைப் பாருங்கள். பழைய கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போயிருந்தால் அந்த மெஷின் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நாம் சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மல்டிகாஸ்டில் ஒரே ஓட்டத்தில் எல்லாருக்கும் அனுப்பலாம், ஆனால் ஒரு மெஷின் இழுத்தாலும் எல்லாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். ஜிகாபிட் இருக்கும் இடத்தில் தனித்தனியாக அனுப்புவதே எனக்கு நிம்மதி.

சுவிட்ச் பற்றி இன்னொன்று. சில மெஷின்களில் பூட் ஆனதும் 'முகவரி கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும், மறுபடி முயன்றால் கிடைத்துவிடும். காரணம் பெரும்பாலும் நெட்வொர்க்கில் சுழல் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ. மெஷின் இணைந்ததும் போர்ட் திறக்க சுவிட்ச் 30 விநாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் டிஹெச்சிபி கேட்டு ஓய்ந்துவிடும். மெஷின்கள் இருக்கும் போர்ட்களில், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீர்ந்தது. அதுவும் நம் கையில் இல்லையென்றால் ஐபிஎக்ஸ்இ ஸ்கிரிப்டில் டிஹெச்சிபி கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஒரு வரி எழுதலாம். டிஸ்க்கில் சேர்த்து வைக்கத் தகுந்த ஒரே கூடுதல் வரி இதுதான்.

இமேஜ் எடுக்கும் முன் மூல மெஷினில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் என்டிஎஃப்எஸ் பாதி உறக்கத்தில் இருப்பதாகச் சொல்லிக் குளோன்ஜில்லா மறுத்துவிடும். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரையும் முழுதாக நீக்குங்கள். குறியாக்கம் செய்த பகுதிக்குள் எது காலி, எது நிறைந்தது என்று பார்ட்குளோனுக்குத் தெரியாது. காலி இடத்தையும் சேர்த்து அப்படியே எடுத்துவைக்கும். புதிய லேப்டாப்களில் நாம் கேட்காமலே குறியாக்கம் இயங்கியிருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது. அந்த ஒரு மெஷினுக்கே உரிய விண்டோஸ் அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் ஓட்டுவதையும் விட்டுவிடாதீர்கள்.

நெட்வொர்க் போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப்கள் மட்டும் இன்னும் எனக்குச் சரியாக அமையவில்லை. யுஎஸ்பி அடாப்டர்களில் எல்லாவற்றையும் ஐபிஎக்ஸ்இ அடையாளம் காண்பதில்லை. கண்டாலும், ஒரே அடாப்டரை மாற்றி மாற்றிச் செருகும்போது எல்லா லேப்டாப்பும் ஒரே மேக் முகவரியோடு (அடாப்டரின் அடையாள எண்ணோடு) வந்து நிற்கும். சர்வர் பதிவில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிரித்தறிய முடியாது. அந்த வகை மெஷின்களுக்கு இமேஜோடு சேர்ந்த ஒரு வெளி எஸ்எஸ்டியில் குளோன்ஜில்லாவை வைத்து நேரடியாக இறக்கிவிடுகிறேன். ஷேரில் உள்ள இமேஜைப் புதுப்பிக்கும் நாளில் அந்த எஸ்எஸ்டியையும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.