கட்லாவா, ரோகுவா? தராசில் ஏற்றும் முன்

கடல் எட்டாத ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மீன் என்றால் ஏரி மீன், இல்லாவிட்டால் டேம் மீன். பலகையின் ஓரத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் கிடக்க, நடுவில் பெரிதாக இரண்டு வகை படுத்திருக்கும். "கட்லா போடவாண்ணே, ரோகு போடவா?" விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் பாதிப் பேர் "ஏதோ ஒண்ணு, நல்லதா பாத்துப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். குழம்பு சொதப்புவது அந்த இடத்தில்தான்.

முதலில் அடையாளம். வாயைப் பாருங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, வாய் மேலே பார்த்திருக்கும். தலை, வேறு மீனுடையதை ஒட்டவைத்த மாதிரி பெரிது. ரோகுவுக்குத் தலை சின்னது, உடம்பு நீளம், வாய் கீழ்நோக்கி இருக்கும், உதட்டோரம் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும். செதிலில் லேசாகச் செம்மை ஓடும். வடமொழியில் 'ரோஹித' என்றாலே சிவப்பு. இந்த வாய் அமைப்பெல்லாம் சாப்பாட்டுக்காக வந்தது. கட்லா நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழுக்களை அள்ளித் தின்னும். ரோகு நடுமட்டத்தில் பாசியும் இலைதழையும் மேயும். அடித்தளம் மிர்கால் என்ற மூன்றாவது மீனுக்கு. சண்டை வராது என்பதால் மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்க்கிறார்கள். துண்டு போட்டு விற்கும் கடையில் மிர்கால் துண்டு ரோகுவாக மாறிவிட வாய்ப்புண்டு. முழு மீனாகக் காட்டச் சொல்லி, பிறகு வெட்டச் சொல்வதே நல்லது.

இரண்டுமே நம் ஊர் மீன் இல்லை, வடக்கத்தி ஆற்றுக் கெண்டை வகைகள். குளத்தில் வளருமே தவிர, தேங்கிய நீரில் தானாக முட்டையிடாது. வெள்ளக் காலத்தில் ஆற்றில் போய்க் குஞ்சு பிடித்துவந்து விட்ட காலம் ஒன்று இருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள விஞ்ஞானிகள் ஹிராலால் சவுத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த ஊசி இல்லாவிட்டால் நம் ஏரிகளுக்கு இத்தனை கட்லா, ரோகு குஞ்சுகள் வந்திருக்காது. ஆண்டுதோறும் ஜூலை 10-ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவதும் இதற்காகத்தான்.

வளர்ச்சியில் கட்லாவுக்கே வெற்றி. நல்ல குளத்தில் ஓராண்டில் ஒரு கிலோவைத் தாண்டும்; அதே குளத்து ரோகு பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும். ரோகுவை வேகமாக வளரவைக்க, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய 'ஜெயந்தி ரோகு' 1997-இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில் வந்தது. ஆனால் இது வளர்ப்பவர் கணக்கு. வாங்குபவர் கணக்கு வேறு. இரண்டு கிலோ கட்லா வாங்கினால் தலையே அரை கிலோ போய்விடும். தலை சாப்பிடாத வீடென்றால் அது அப்படியே நஷ்டம். சாப்பிடுகிற வீடென்றால் அதுதான் லாபம். எங்கள் வீடு இரண்டாவது ரகம். இந்த அலசலில் நான் முழுக்க நடுநிலையானவன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது முள். ஆற்று மீனை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். இரண்டிலுமே சதைக்குள் கவட்டை வடிவ நடுமுள் உண்டு. முதுகிலும் வால் பக்கமும் அதிகம். வயிற்றுத் துண்டில் விலா முள் மட்டும்தான், கையாலேயே உருவிவிடலாம். மீன் பெரிதாக ஆக முள்ளும் பெரிதாகி, கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூன்று கிலோ கட்லாவின் வயிற்றுத் துண்டு. முக்கால் கிலோ ரோகுவின் வால் துண்டைப் பொறுமைசாலிகளுக்கு வையுங்கள்.

மண்வாடையைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது: ரோகுவில்தான் வாடை, கட்லாவில் இல்லை என்று. வாடை மீனுடையது இல்லை, தண்ணீருடையது. நீலப்பச்சைப் பாசியும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது செவுள் வழியாக மீன் உடம்பில் ஏறி, கொழுப்பில் தங்கிவிடும். கோடையில் வற்றிக் குழம்பிய ஏரியில் பிடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் மணக்கும். ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துபோகும். அதனால்தான் அதே மீனில் புளிக்குழம்பு தப்பித்துவிடுகிறது, மிளகு வறுவல் மாட்டிக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் கல் உப்பு போட்டு உரசிக் கழுவி, மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம் ஊறவிடுங்கள்.

இனி சட்டி. கட்லா துண்டு தடிமனாக இருக்கும். வறுத்தால் மசாலா மேலேயே நின்று, உள்ளே சப்பென்று போய்விடும். குழம்பில் போட்டால் அந்தத் தடிமனே பலம். கொழுப்பு குழம்பில் இறங்கும், மறுநாள் இன்னும் பிடித்திருக்கும். ரோகு வறுவலுக்கு. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ மீனை விரல் தடிமனுக்கு வெட்டினால் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் சதை அடுக்கடுக்காகப் பிரியும். வங்காளிகளும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் அவர்கள் இரண்டையுமே முதலில் எண்ணெயில் பொரித்துவிட்டுத்தான் குழம்பில் போடுகிறார்கள். ரூயி, காத்லா இரண்டுக்கும் அங்கே ஆள் உண்டு.

ஆக, இரண்டு கிலோவுக்கு மேல் என்றால் கட்லா, குழம்புக்கு. அதற்குக் கீழே என்றால் ரோகு, வறுவலுக்கு. ஒரு கிலோ கட்லா மட்டும் வேண்டாம். தலைக்குக் காசு கொடுத்து முள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் அது. இன்னொன்று: சதை மட்டும் போதும் என்று சிலர் விட்டுப்போகும் கட்லாத் தலை, கூட்டம் கலைந்தபின் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நான் போவது பதினோரு மணிக்கு மேல்தான்.